பிள்ளையின் உல்லாசப் பயணமும் பாட்டியின் சிவப்பு அட்டையும்

நம்மவர் வீடுகளில் பிள்ளையின் பெயரால் நடைபெறும் செலவுகள் பல. ஓராண்டு நிறைவுக்கு மண்டபம். காதணி விழாவுக்கு மண்டபம். பெண் பிள்ளையாயின் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் சடங்கென்று மறுபடியும் மண்டபம். இவற்றில் உண்பவர் உறவினர். மொய் எழுதுபவர் நண்பர். காசு பெறுபவர்கள் சமையற்காரரும் புகைப்படக்காரரும். பிள்ளையோ கழுத்தை உறுத்தும் பட்டுடையுடன் அலங்கார நாற்காலியில் அமர்த்தப்பட்டு, இஃது எப்பொழுது முடியுமென்று தாயின் முகத்தையே பார்த்துக் கொண்டிருக்கிறது. சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் பக்கத்து மண்டபங்களில் இக்காட்சியைக் காணாத வாசகர் இருக்க முடியாது.

உறவினர் ஒருவர் இத்தகைய விழாவொன்றுக்குச் செய்த செலவில் பாதியும் ஆகாத தொகையைக் கொண்டு, ஏழு வயது நிரம்பிய நம் மகளைச் சிங்கப்பூரிலுள்ள கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதென நாமும் நம் துணைவியாரும் சென்ற ஆண்டு தீர்மானித்தோம். செய்தி வெளியில் பரவியதும் வந்த முதல் கேள்வி நம் பெரியப்பாவினுடையது. "ராட்டினத்தில் பிள்ளையை ஏற்றவா, தம்பி, நாடு விட்டு நாடு போவது?" என்றார். பேத்தியின் சடங்குக்குக் கடன் வாங்கி எண்ணூறு பேருக்குச் சோறு போட்டவர் அவர். அக்கடன் இன்னும் அடைந்த பாடில்லை. அதனை அவருக்கு நினைவூட்டுவது மரியாதையன்று என்பதால் நாம் ஒன்றும் கூறவில்லை. இங்கே எழுதுவதோடு நிறுத்திக் கொள்கிறோம்.

எனினும் ராட்டினத்தைப் பற்றி அவர் கூறியதில் ஓர் உண்மை உண்டு. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும், சுங்கைப் பட்டாணித் தைப்பூசத்திலும் நாம் சிறுவராயிருந்தபோது ராட்டினம் ஏறியிருக்கிறோம். அப்பொழுது நம் தந்தையார் எங்கிருந்தார்? நம் செருப்பைக் கையில் பிடித்துக் கொண்டு கீழே நின்றிருந்தார். பிள்ளை மேலே, பெற்றோர் கீழே என்பதுதான் அக்காலத்து ஏற்பாடு. அமெரிக்காவின் வால்ட் டிஸ்னியும் இதனையே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கிரிபித் பூங்காவில் தம் பெண்மக்கள் இருவரும் குதிரை ராட்டினத்தில் சுற்றுவதைப் பலகையில் உட்கார்ந்து பார்த்திருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்கத்தக்க இடமொன்று இருக்கலாகாதா என்று அவருக்குத் தோன்றிற்றாம். கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17-ல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து அவ்வெண்ணத்தின் விளைவு. பிறகு 1983-ல் தோக்கியோவிலும் 2005-ல் ஹாங்காங்கிலும் அவ்வகைப் பூங்காக்கள் எழுந்தன. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010-ல் மக்களை உள்ளே விடத் தொடங்கி, 2011-ல் முறைப்படி திறக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 20 ஹெக்டர்; செம்பனைத் தோட்டத்தில் ஒரு பீல்டுக்கு அதைவிட அதிக நிலம் இருப்பதுண்டு. இதனைக் கேட்ட நம் மகள், அப்படியானால் நம் தோட்டத்திலேயே ஒன்று கட்டலாமே என்றாள். மானேஜரிடம் கேட்டுப் பார்க்கிறோம் என்று சொல்லி வைத்தோம்.

டிஸ்னி என்ற பெயருக்கு மயங்கி ஹாங்காங் போகலாமென்று துணைவியார் முதலில் கருதினார். நாம் தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதிப் பிழைப்பவர். விமானக் கட்டணம், விடுதி வாடகை ஆகிய இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டியபொழுது ஹாங்காங் தானாகவே மறைந்துவிட்டது. சிங்கப்பூர்ப் பூங்காவுக்குப் பெரியவருக்கு நுழைவுச் சீட்டு 80 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். 4 முதல் 12 வயது வரையிலான பிள்ளைக்குச் சற்றுக் குறைவு. அவர்களுடைய ஒரு வெள்ளி நம்முடைய மூன்று வெள்ளிக்கும் அதிகமாதலால், மூவர் வாயிலைக் கடப்பதற்கே 700 வெள்ளிக்கு மேல் வைக்க வேண்டும். ஜொகூர் பாருவில் துணைவியாரின் அண்ணன் குடியிருப்பதால் விடுதிச் செலவில்லை. போக்குவரத்து, சாப்பாடு, கடப்பிதழ், எதிர்பாராத செலவு யாவும் சேர்த்து 3,600 வெள்ளி என்று முடிவு கட்டினோம். மாதம் 200 வீதம் 18 மாதம்.

இத்தொகை சிறிதென்று நாம் சொல்லவில்லை. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி; காட்டு வேலை செய்யும் குடும்பத்துக்கு இஃது இரண்டு மாத உழைப்புக்கும் மேலாகும். கடன் அட்டையை நீட்டி அடுத்த வாரமே புறப்படுவோரைக் காண்கிறோம். அவர்களுக்கும் சடங்குக் கடன் வாங்குவோருக்கும் வேறுபாடு ஏதும் நமக்குத் தெரியவில்லை. சிறுகச் சேர்ப்பதென்பது தோட்டத் தமிழருக்குப் புதிதன்று. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளரை நடுத்தெருவில் விட்ட நாளில், 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதனை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. அப்பத்துப் பத்து வெள்ளிகளைக் கொண்டு அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். பத்து வெள்ளியில் தோட்டமே வாங்கியவர்களின் பேரப் பிள்ளைகள், இருநூறு வெள்ளியில் ராட்டினம் ஏறக் கூடாதா?

இனித் திட்டத்துக்கு வருவோம். இதில் நாம் உறுதியாகக் கடைப்பிடித்தது ஒன்று: பிள்ளைக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து, கடைசி நாளில் திகைப்பூட்டும் வேடிக்கையை நாம் செய்யவில்லை. முதல் நாளிலிருந்தே அவளும் ஆலோசனையில் ஓர் அங்கத்தினள். அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். மாதச் சேமிப்பை அவளே எழுதுகிறாள். கூட்டலில் தவறினால் நாம் திருத்துவதில்லை, மறுமுறை கூட்டச் சொல்லுகிறோம். மூன்றாம் மாதம் நம் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பழுதுபார்க்க அத்தொகையில் 90 வெள்ளி எடுக்க நேர்ந்தபோது, காரணம் என்னவென்று எழுதிக் கையொப்பமிடச் சொன்னாள். பள்ளியில் படித்து வந்த நாளிலும், இத்தனை ஆண்டு ஆபீசில் செக்ரோல் எழுதிய காலத்திலும் இவ்வளவு கண்டிப்பான தணிக்கையாளரை நாம் கண்டதில்லை.

அந்நோட்டின் இரண்டாம் பக்கம் உயரங்களைப் பற்றியது. இத்தகைய பூங்காக்களில் ஒவ்வொரு சவாரிக்கும் குறைந்த அளவு உயரம் விதிக்கப்பட்டிருக்கிறது. இருக்கையின் பிடிப்புக் கம்பி உடலில் சரியாகப் பொருந்தாவிடில் பிள்ளை நழுவிவிடும் என்பதே காரணம். வயதை அவர்கள் கேட்பதில்லை. யூனிவர்சலில் உள்ள பெரிய இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டர், இருளில் பாயும் மம்மி சவாரிக்கு 122, டிரான்ஸ்பார்மர்சுக்கு 102. பிள்ளை ஏற முடியாத சவாரியில் பெற்றோர் ஒருவர் ஏற, மற்றவர் பிள்ளையுடன் இருந்து, பின் மறு வரிசையின்றி மாறிக் கொள்ளவும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் நம் மகளின் உயரம் 113. குவார்ட்டர்சின் சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு, இன்ன இன்னவற்றில் நீ ஏற முடியாமற் போகலாம் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டோம். ஒரு மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றபின் சீருடைக்காரர் ஒருவர் அளவுகோலைக் காட்டி விலக்கும்போது பிள்ளை அழுவதைவிட, பதினெட்டு மாதம் முன்னதாகவே வீட்டில் அழுது முடிப்பது நல்லது. அழவும் செய்தாள், மறுநாள் நோட்டில் மம்மிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டாள்.

நாள் பார்ப்பதைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதத்திலும், நவம்பர் நடுவிலிருந்து ஆண்டு முடிவு வரையிலும் நீண்ட விடுமுறை. அப்பொழுது போனால் பூங்காவைக் காண முடியாது. முன்னால் நிற்பவர் முதுகைத்தான் காணலாம். நம் விடுமுறை இருந்து அவர்களுக்குப் பள்ளி நடக்கும் வாரமே தக்கது. கெடாவில் பள்ளிகளுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் இரு பஞ்சாங்கங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம். நாம் சொல்லும் பஞ்சாங்கம் பள்ளிப் பஞ்சாங்கம். செவ்வாய்க்கிழமை பயணம் ஆகாதென்று அண்டை வீட்டு அக்காள் எச்சரித்தார். எல்லோரும் அவ்வாறே நினைப்பாராயின் செவ்வாயன்று கூட்டம் குறையுமன்றோ என்று துணைவியார் அந்நாளையே குறித்துக் கொண்டார்.

இவையெல்லாம் இன்பமான வேலை. கடப்பிதழ்ப் பக்கத்துக்கு வந்தபொழுதுதான் திட்டம் தடுக்கிற்று.

பெரியவருக்கு 200 வெள்ளி, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100 வெள்ளி. சிங்கப்பூர் புகுவதற்குக் கடப்பிதழில் ஆறு மாதமேனும் தவணை எஞ்சியிருக்க வேண்டும். வருகை அட்டையைப் புறப்படுவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் கணினி வழியே அனுப்ப வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, கட்டணம் கேட்பவன் ஏமாற்றுக்காரன். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இன்றியமையாதது. இவ்விடத்தில் நம் தோட்ட வாசகருக்கு ஒன்று கூறியாக வேண்டும். 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி முசுலிம் அல்லாதார் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தியவர்களின் பிள்ளை, சட்டத்தின் கண்ணில் தாயின் நிலையையே அடைகிறது. தாய்க்குக் குடியுரிமை இல்லையாயின், தந்தை இந்நாட்டுக் குடிமகனாயிருந்தும் பிள்ளைக்கு அஃது இல்லாமற் போகும். அப்பிள்ளைக்குக் கடப்பிதழ் ஏது? உல்லாசப் பயணம் கிடக்கட்டும். பள்ளிக்கூட வாயிலிலேயே அதன் தொல்லை தொடங்கிவிடுகிறது.

நம் மகளுக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் அவள் நோட்டில் எழுதியிருந்த பெயர்கள் நான்கு. நான்காவது பெயர் அவள் பாட்டி, நம் அன்னையார்.

அன்னையார் 1955-ல் பீடோங்குக்கு அப்பாலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். டிஸ்னிலாந்து திறந்த அதே ஆண்டு. அவருடைய பெற்றோர் போருக்கு முன் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். அவசரகாலம், லயம் விட்டு லயம் மாற்றிய காலம், மருத்துவச்சி கையில் பிறந்த பெண்ணைப் பதிய எவரும் போகவில்லை. 1957 ஆகஸ்டு 31-க்குப் பின்னும் 1962 அக்டோபருக்கு முன்னும் இந்நாட்டில் பிறந்தோர், பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே குடிமக்களாயினர். அதற்கு முன் பிறந்த தோட்டத் தமிழருட் பலர் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத லயத்தில் விண்ணப்பம் எழுதுவார் யார்? ஆகவே 1959-ல் அதே லயத்தில், அதே தாய்க்குப் பிறந்த மாமாவுக்கு நீல அட்டை. அக்காளான நம் அன்னையாருக்குச் சிவப்பு. முப்பத்திரண்டு ஆண்டுகள் பால் மரம் வெட்டிய கை அது. 60 வயதைக் கடந்த, சிவப்பு அட்டை வைத்திருக்கும் இந்தியருக்குக் குடியுரிமை வழங்கப்படுமென்று 2018-ல் அரசு அறிவித்தபோது அவருக்கு வயது 63. விண்ணப்பம் அனுப்பினோம். அதற்கு முன்னும் ஒருமுறை அனுப்பியிருந்தோம். விடை இன்னும் வரவில்லை.

சிவப்பு அட்டைக்குக் கடப்பிதழ் கிடையாது. வேறு வகையான பயணச் சான்று கேட்டுப் பெறும் வழி உண்டு. அதனைச் சொன்னபொழுது அன்னையார், "இந்த மண்ணிலே பிறந்தவளை எந்த ஊர்க்காரி என்று கேட்கிற காகிதம் எனக்கு எதற்கு, தம்பி? நீங்கள் போய் வாருங்கள்" என்று முடித்துவிட்டார். அவர் குரலில் வருத்தமில்லை; வருத்தம் தீர்ந்துபோய் நெடுநாளாகிவிட்டது போலும். மகள்தான் நோட்டை மூடாமல் நின்றாள். "பாட்டிக்கும் உயரம் போதவில்லையா?" என்று கேட்டாள்.

இக்கேள்விக்கு விடை கூறுவது எளிதன்று. உயரமாயின் சுவரில் கோடிட்டுக் காட்டலாம். கோடு ஆண்டுதோறும் மேலே ஏறும். எழுபது வயதைக் கடந்தவருக்கு எந்தச் சுவரில் கோடிடுவது? தெரிந்தவரை சட்டத்தை விளக்கினோம். "மாமாத் தாத்தா பிறந்த வீடும் அதுதானே?" என்றாள். ஆமென்றோம். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

அன்றிரவு நாமும் துணைவியாரும் நெடுநேரம் பேசினோம். பயணத்தையே கைவிட்டு, நால்வரும் கெந்திங் மலைக்குப் போகலாமென்பது நம் கட்சி. அங்கும் 2022-ல் பெரிய பூங்காவொன்று திறந்திருக்கிறார்கள். துணைவியார் உடன்படவில்லை. "பாட்டியால்தான் போகவில்லை என்று பிள்ளை நினைப்பாள், தன்னால்தான் பிள்ளை போகவில்லை என்று அத்தை நினைப்பார். இரண்டு பேருக்கும் அது வேண்டாம்" என்றார். அவர் கூறியதே சரியென்று நமக்கும் பட்டது. முடிவில் திட்டத்தைக் குலைக்காமல் நீட்டினோம்.

மின் ரயில் 2025 டிசம்பர் முதல் ஜொகூர் பாரு வரை ஓடுகிறது. சுங்கைப் பட்டாணியில் ஏறிக் கோலாலம்பூரில் மாறினால், பகல் வெளிச்சத்திலேயே, கால் நீட்டி அமர்ந்து, முதியவரும் தெற்கே சேரலாம். இரவுப் பேருந்தில் பத்து மணி நேரம் முழங்காலை மடக்கிக் கிடக்க வேண்டுவதில்லை. ரயிலுக்குச் சீட்டு நான்கு. முதலில் ஜொகூரிலேயே உள்ள லெகோலாந்து. 2012 செப்டம்பரில் திறந்த அது, ஆசியாவில் அவ்வகையில் முதலாவது. லெகோ என்பது டென்மார்க்கு நாட்டுத் தச்சர் ஒருவர் 1930-களில் தம் பட்டறைக்கு வைத்த பெயர். நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரு சொற்களைச் சுருக்கியது. சிறு கட்டிகளால் ஊர்களையே அமைத்திருக்கும் பகுதி அங்கே உண்டு. இரட்டைக் கோபுரமும், சிங்கப்பூரின் மெர்லயனும் சிறு வடிவில் நிற்கின்றனவாம். பாட்டிக்குச் சிங்கப்பூரைத் தானே காட்டுவதாக மகள் அந்த நாளுக்கெதிரே எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த நாள் நாம் மூவரும் விடியுமுன் கடற்பாலத்தைக் கடந்து யூனிவர்சலுக்குச் சென்று, இரவு திரும்பிவிடுவோம். அன்னையார் அண்ணன் வீட்டில் இருப்பார். செலவு 480 வெள்ளி கூடிற்று. தவணையில் மூன்று மாதமும் கூடிற்று. தணிக்கையாளர் ஒப்புதல் அளித்துவிட்டார்.

ஜொகூர்க் கடற்பாலம் 1924-ல் திறக்கப்பட்டது. நீளம் 1,056 மீட்டர். இதனை மகள் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். ஆயிரத்து ஐம்பத்தாறு மீட்டர் என்றால் எவ்வளவு என்று அன்னையார் கேட்டார். ஆபீசிலிருந்து பழைய பால் கொட்டகை வரையிலுள்ள தூரம் என்று நாம் கணக்கிட்டுச் சொன்னோம். "அவ்வளவுதானா! காலையில் என் வெட்டுக்குப் போவதற்கே அதைப்போல் இரண்டு பங்கு நடப்பேனே" என்றார். கரையில் நின்றால் அக்கரை தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றோம். அப்படியானால் இரவு நாங்கள் திரும்பும் நேரத்துக்கு அண்ணன் தம்மைக் கடற்கரைக்கு அழைத்து வந்தால் நன்றாயிருக்கும் என்றார். அதுவும் நோட்டில் ஏறிவிட்டது.

இப்பொழுது பதினோரு மாதம் முடிந்திருக்கிறது. சேமிப்பு சரியாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு எடுத்த 90 வெள்ளியையும் திருப்பி வைத்தாயிற்று. சுவரிலுள்ள கோடு 118-க்கு ஏறியிருக்கிறது. இதே வேகத்தில் போனால் புறப்படும் நாளில் மம்மி சவாரிக்கு மயிரிழைதான் வித்தியாசம் இருக்கும் என்று மகள் கணக்குப் போட்டிருக்கிறாள். அன்னையார் அதனைக் கேட்ட நாள் முதல் காலையில் ரொட்டியை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுகிறார். மகள் முகத்தைச் சுளித்துக் கொண்டே குடிக்கிறாள்.